பீற்றில்ஸ்காரர் தனித்தனியே போட்ட தட்டுகள்: கேள்வி பதில்

கிளிநொச்சி: பீற்றில்ஸ் எண்ட இங்கிலாந்துப் பாட்டுக்குழுவில இருந்த ஜோர்ஜ் ஹரிசனின்ர 1970 மூன்று இசைத்தட்டுப் பெட்டி ஒண்டு விலைக்கு வருது. என்னத்தைப் பாக்கிறது அண்ணை?

முதல் மடிப்பைப் பாருங்கோ. ‘ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ மூடி திறக்கிற மட்டைப்பெட்டி. மூன்று தட்டின்ர பாரத்தில மூடி மடியிற இடந்தான் முதல் கிழியும். உள்ள பெரிய போஸ்ரர் இருக்கவேணும். மூன்றாந் தட்டு லேபிளில ஜாம் போத்தல் படம். இங்கிலாந்துப் பதிப்பு எண் எஸ்.ரி.சி.எச். 639. பிறகு ரோச்சைச் சரிச்சுப் பிடிச்சு, லேபிளைச் சுத்தியிருக்கிற வெறும் வளையத்தில கீறின எண்ணைப் படியுங்கோ, எந்தப் பதிப்பெண்டு அது சொல்லும். உறையை மாத்தலாம், லேபிளை ஒட்டலாம். அந்தக் கீறலை ஒட்டேலாது.

மல்லாவி: அப்பாவின்ர தட்டு ஒண்டு இருக்கு, என்ன விலை போகும்?

வளையத்து எண்ணை அனுப்புங்கோ.

புதுக்குடியிருப்பு: தட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். கிணத்துத் தண்ணியில கழுவலாமோ?

வேண்டாம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட. காஞ்சாப் பள்ளத்துக்குள்ள படிஞ்சு ஊசியில கரகரக்கும். பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணி வாங்குங்கோ. அசிட் கலந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. நாலு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல், பாத்திரம் கழுவுற திரவம் ஒரே ஒரு துளி. காயத்துக்குப் பூசுற ஸ்பிரிட்டில எண்ணெய் கலந்திருக்கும், அது சரிவராது. லேபிளில படாமல், மெல்லிய தூரிகையால பள்ளத்தின்ர போக்கிலயே சுத்தித் தேய்ச்சு, திரும்பவும் வெறும் வடிச்ச தண்ணியால அலசி, நிழலில நிமித்திக் காயவிடுங்கோ. வெயிலில வைச்சா அப்பளம். நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய அரக்குத் தட்டு இருந்தால் அல்ககோல் ஒரு சொட்டும் கூடாது, அரக்கு கரைஞ்சுபோகும்.

வவுனியா: பீற்றில்ஸில முதல் தனித்தட்டு ஹரிசனின்ர ‘வொண்டர்வோல் மியூசிக்’ தானே?

ஓம். 1968 நவம்பர். அந்த வருசம் தை மாசம் பம்பாயில சரோத், செனாய் எண்ட வட இந்திய வாத்தியக்காரரை வைச்சு ஒரு பகுதியைப் பதிஞ்சவை. பதிப்பு எண் சப்கோர் 1 எண்டா ஸ்ரீரியோ (இரண்டு பக்கமும் வேற வேற சத்தம்), அப்கோர் 1 எண்டா மொனோ (இரண்டு பக்கமும் ஒரே சத்தம்). மொனோ கண்டால் விடாதேங்கோ.

மாங்குளம்: பிழை. அதே குழுவில இருந்த போல் மக்கார்ட்னியின்ர ‘த ஃபமிலி வே’ பட இசைத் தட்டு 1967 தையிலயே வந்திட்டுது.

வந்தது உண்மை, டெக்கா கொம்பனி. ஆனா வாசிச்சது பீற்றில்ஸின்ர பதிவுத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின்ர வாத்தியக்குழு. மெட்டுப் போட்டவர்தான் போல்.

மாங்குளம்: ஹரிசனும் அந்தத் தட்டில பாடேல்லையே?

பாடேல்லை. ஆனா பதிவை நடத்தினது அவர், உறையில அவற்ற பேர். ‘ஃபமிலி வே’யில கலைஞர் இடத்தில வாத்தியக்குழுவின்ர பேர். அலுமாரியில எந்தப் பேருக்குக் கீழ அடுக்குவியள், அதுதான் கேள்வி.

வவுனியா: அப்ப நான் வெண்டிட்டன்.

மாங்குளம்: இசையமைச்சவன்ர பேரில அடுக்கிறதுதான் முறை. இளையராஜா தட்டை ஆற்ற பேரில தேடுவியள்?

இது நல்ல அடி. படப்பாட்டு அலுமாரிக்கு மாங்குளம் சொல்லுறது சரி, பீற்றில்ஸ் அலுமாரிக்கு இல்லை. எண்டாலும் இரண்டையும் வாங்குங்கோ.

ஒட்டுசுட்டான்: என்னட்ட மக்கார்ட்னியின்ர ‘ராம்’ இருக்கு. மொனோவாம். என்ன விலை?

மல்லாவிக்குச் சொன்னதுதான். அமெரிக்க வானொலிகளுக்குக் குடுத்த மொனோ எண்டால் எம்.ஏ.எஸ். 3375. கடையில வித்த ஸ்ரீரியோவில முன்னுக்கு இன்னொரு எஸ் நிக்கும். 2012இல மொனோவை மறுபதிப்பும் போட்டவை. கள்ளத்தட்டும் உலாவுது.

நெடுங்கேணி: தகரக் கூரை வீட்டில எங்க வைக்கிறது?

கட்டிலுக்குக் கீழ வேண்டாம், கறையான். கூரைக்குக் கிட்டவும் வேண்டாம். உள்சுவர்ப் பக்கமா, நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்தில, நிமித்தி. படுக்கவைச்சு அடுக்கினா அடியில இருக்கிறது வளையும்.

முள்ளியவளை: என்ர தட்டு என்ன விலை...

எண்!

கிளிநொச்சி: அண்ணை, பெட்டியைப் பாத்தன். போஸ்ரர் இல்லை.

அப்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ. மடிப்பு?

கிளிநொச்சி: செலோரேப் ஒட்டியிருக்கு.

உரிக்காதேங்கோ, மட்டையும் சேர்ந்து வரும். இன்னும் குறைக்கச் சொல்லுங்கோ.