வண்டி சாலையை விட்டு இறங்கியது எப்படி? கேள்வி பதில்

விபத்து இடங்களை அளந்து பழகிய ஒருவர், மதுரை வட்டாரத்தினரின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (மேலூர்): ஐயா, கண்மாய்க் கரைச் சாலையிலிருந்து ஒரு கார் உள்ளே பாய்ந்துவிட்டது. சாலையில் பிரேக் தடமே இல்லை. நாற்பதில்தான் வந்ததாக ஓட்டுநர் சொல்கிறார். சரிபார்க்க வழியுண்டா?

பதில்: உண்டு. கார் கரை விளிம்பை விட்ட இடத்திலிருந்து முதலில் மண்ணைக் குத்திய இடம் வரை கிடைமட்டத் தூரத்தையும், அவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் அளந்துகொள்ளுங்கள். விளிம்பு மேட்டுச் சரிவாக இல்லாமல் சமமாக இருந்தால், 3 மீட்டர் விழுவதற்கு ஏறத்தாழ 0.78 விநாடி ஆகும்; அதற்குள் நாற்பதில் வந்த கார் 8.7 மீட்டர்தான் கடந்திருக்கும், 12 மீட்டர் கடந்திருந்தால் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். ஆனால் சரிவிலுள்ள கருவேலஞ்செடிகள் நசுங்கியிருந்தால் கார் பறக்கவில்லை, உருண்டோ சறுக்கியோ இறங்கியிருக்கிறது; அங்கே இந்தக் கணக்கைப் போடக் கூடாது. தடம் இல்லை என்பதால் பிரேக் பிடிக்கவில்லை என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள வண்டியில் தடம் மிக மங்கலாகவே விழும்.

கேள்வி (உசிலம்பட்டி): வளைவில் விழுந்திருக்கும் வளைந்த தடமும் பிரேக் தடம்தானா?

பதில்: குனிந்து தடத்துக்குள் பாருங்கள். கோடுகள் தடத்தின் போக்கிலேயே ஓடினால் அது பிரேக்கினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு இழுபட்ட தடம். சாய்வாகக் குறுக்கே ஓடினால், சக்கரம் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் சறுக்கிய தடம். பின்னதில் இரு முனைகளுக்கிடையே 20 மீட்டர் கயிறு கட்டி, நடுவில் கயிற்றுக்கும் தடத்துக்கும் உள்ள இடைவெளி 80 சென்டிமீட்டர் என்றால், வளைவின் ஆரம் சுமார் 63 மீட்டர். உலர்ந்த தார்ச்சாலையில் பிடிமானத்தை, அதாவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை, 0.7 என்று கொண்டால் வேகம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்.

இங்கேதான் ஓட்டுநருக்கு அநீதி நேரக்கூடும். நம் பக்கத்தில் உளுந்துச் செடியையும் எள்ளையும் சாலையில் காயப்போடுகிறோம். விபத்து நடந்ததும் கூட்டி அள்ளிவிடுகிறோம். அந்தச் சருகினால் பிடிமானம் 0.4 ஆகக் குறைந்திருந்தால், அதே தடத்துக்குரிய வேகம் 57 தான். ஆகவே அளப்பவர், பக்கத்து வயல்காரர்களிடம் அன்று சாலையில் என்ன கிடந்தது என்று கேட்டறிந்த பின்னரே எண்ணைப் போட வேண்டும்.

கேள்வி (திருமங்கலம்): டயர் வெடித்ததால்தான் லாரி இறங்கியது என்கிறார்கள்.

பதில்: காற்றிழந்த டயரோடு சிறிது தூரம் ஓடியிருந்தால், அதன் பக்கச் சுவரின் உட்புறம் சுற்றிலும் தேய்ந்து ரப்பர் துகள் சேர்ந்திருக்கும், ரிம் தாரைக் கீறிய கோடு, சாலையை விட்டு இறங்குமுன்பே தொடங்கியிருக்கும். ரிம் ஒரே இடத்தில் நெளிந்து அதற்கு நேரே டயர் கிழிந்திருந்தால், கல்லிலோ மைல்கல்லிலோ மோதிய பிறகு கிழிந்தது என்றே கொள்ளலாம்.

கேள்வி (சோழவந்தான்): விளக்கு எரிந்ததா என்பதை அறிய முடியுமா?

பதில்: ஹாலஜன் பல்பில் முடியும். எரிந்துகொண்டிருந்தபோது மோதியிருந்தால் இழை நீண்டு நெளிந்திருக்கும். எல்இடியில் இழையே இல்லை. எரிகிறதா என்று பார்க்க யாரும் சுவிட்சைப் போட்டுவிடாதபடி, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.