பாவித்த டர்ன்டேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பாவித்த உயர்தர டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவியை) எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டில் எப்படிப் பொருத்துவது என்று மலையகத்தின் பல ஊர்களில் இருந்தும் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே போகலாம்.

ஹட்டன்: அண்ணன், ஜப்பானில் இருந்து வந்த பெல்ட் டர்ன்டேபிள் ஒன்று கொழும்பில் விலைக்கு இருக்கிறது. படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கலாமா?

விற்பவர் முன்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். வோல்ட் எழுதியிருக்கும் பின்பக்கத் தகட்டையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நேரடியாகச் சொருகினால் மோட்டர் போய்விடும். ட்ரான்ஸ்போமர் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். அது பாதி உண்மை. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்ற கணக்கை, மாற்றாது. டோக்கியோ பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60. பழைய பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருக்கும் ஏசி சிங்க்ரோனஸ் மோட்டர் தன் வேகத்தை அந்த ஹேர்ட்ஸில் இருந்துதான் எடுக்கிறது. 60க்கான புலி (மோட்டர் தண்டில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், pulley) போட்டதை நம் 50இல் ஓட்டினால் 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுத்தான் வரும். சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். 50க்கான புலி கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள். டிசி மோட்டர், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டரே தட்டை நேரடியாகச் சுழற்றுவது) என்றால் ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை. வோல்ட் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

நுவரெலியா: பழைய பங்களா, பலகைத் தரை. யாராவது நடந்தால் ஊசி துள்ளுகிறது.

இது நல்ல கேள்வி. லின் எல்பி12, தோரன்ஸ் டிடி 160 போன்ற பெல்ட் டர்ன்டேபிள்களில் சுழல்தட்டும் ஊசியைப் பிடிக்கும் கையும் மூன்று ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும். கொங்கிரீட் தரையில் அது வரம், பலகைத் தரையில் ஒவ்வொரு அடிக்கும் ஊஞ்சலாடும். ஸ்டாண்டை மாற்றிப் பயனில்லை. கருங்கல் சுவர் இருந்தால் அதில் தாங்கி அடித்துப் பலகை போடுங்கள், தரையோடு தொடர்பே வேண்டாம். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். மட்டம் பார்க்க வேண்டியது பலகையில் இல்லை, சுழல்தட்டின் மேல். ஸ்பீக்கரை அதே பலகையில் ஏற்றாதீர்கள்.

தலவாக்கலை: ஊசிக்கு எத்தனை கிராம் பாரம் வைப்பது?

காட்ரிஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) செய்தவர் சொன்ன அளவுதான். ஓர்டோபோன் 2எம் ரெட் 1.8, டெனோன் டிஎல்-103 2.5. குறைத்து வைத்தால் ரெக்கோட் தப்பும் என்று நினைக்காதீர்கள். பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித்தான் சுவரைக் கெடுக்கும்.

கண்டி: டைரக்ட் டிரைவ் எல்லாம் டிஜேக்களுக்குத்தானே? டெக்னிக்ஸை உயர்தரம் என்று எப்படிச் சொல்வது?

இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 1970இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10 வானொலி நிலையங்களுக்குப் போன இயந்திரம். எஸ்எல்-1200 1972இல் வந்தபோது வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகத்தான் வந்தது. டிஜேக்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள், அது இயந்திரத்தின் குற்றமா?

கண்டி (மறுபடி): மோட்டர் தட்டுக்கு நேர் கீழே இருக்கிறதே. அதிர்வு ஊசிக்கு ஏறாதா?

அந்த மோட்டர் சுற்றுவதே நிமிடத்துக்கு 33⅓ தடவைதான் ஐயா. பெல்ட் டர்ன்டேபிளின் மோட்டர் நிமிடத்துக்குச் சில நூறு சுற்று ஓடும். எது அதிகம் அதிரும்? பெல்ட் அதை வடிகட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய பெல்ட் தளர்ந்திருக்கும். பாவித்ததை வாங்கினால் முதல் செலவே புதுப் பெல்ட்.

பண்டாரவளை: இரண்டு பேரும் விடுங்கள். கராட் 301 டர்ன்டேபிளுக்கு முன்னால் எதுவும் நிற்காது.

வந்துவிட்டார். 1954இல் வந்தது, ரப்பர் சக்கரம் சுழல்தட்டின் உள்விளிம்பை உருட்டும். அந்தத் தாளக்கட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் பாரமான அடிப்பெட்டி இல்லாவிட்டால் மோட்டர் உறுமல் ஸ்பீக்கர் வரை வரும். அப்புறம், அதிலும் 50க்கு ஒரு புலி, 60க்கு ஒரு புலி. பார்த்து வாங்குங்கள்.

கண்டி: அப்படியென்றால் லின் வாங்கியவர்கள் எல்லாம் ஏமாந்தவர்களா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. உங்கள் தரை கொங்கிரீட்டா, பலகையா? அதைச் சொல்லுங்கள், பிறகு சண்டை போடுவோம்.

கம்பளை: ஜப்பான் டர்ன்டேபிள் 100 வோல்ட் என்கிறார்கள். பரவாயில்லையா?

ஹட்டன் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பதுளை: தாத்தாவின் 78 சுற்று இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி! அவை பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு. ஸ்பிரிட் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும், பாட்டு துணியோடு வந்துவிடும். காய்ந்த மென்மையான தூரிகை போதும். எல்பி (33⅓ சுற்று வினைல் இசைத்தட்டு) ஊசியையும் அதில் வைக்காதீர்கள். எல்பி ஊசியின் முனை சுமார் 18 மைக்ரோன், 78இன் பள்ளத்துக்கு 65, 70 மைக்ரோன் வேண்டும். சின்ன ஊசி அடியில் உட்கார்ந்து குப்பையைத்தான் வாசிக்கும். எஸ்எல்-1200 எம்கே2இல் 78 வேகம் கிடையாது. கராட் 301இல் உண்டு. பண்டாரவளைக்காரர் இப்போது சிரிப்பார்.

நாவலப்பிட்டி: பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம்.

டர்ன்டேபிளின் எர்த் வயரை அம்ப்பில் (ஒலிபெருக்கும் பெட்டியில்) பூட்டினீர்களா?

ஹப்புத்தளை: பனிக்கு அட்டைகளில் பூஞ்சணம் பிடிக்கிறது.

பழைய காகித உள்ளுறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை போடுங்கள். ரெக்கோட்டுகளை நிமிர்த்தி, வெளிச்சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். வினைலை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் கழுவலாம், லேபிளில் படாமல். முழுக்கக் காயாமல் உறைக்குள் போட்டால் திரும்பப் பிடிக்கும்.

மஸ்கெலியா: ஜப்பான் மொடல் ஒன்று, 100 வோல்ட்…

மேலே. ஹட்டன்.

வெலிமடை: நியாயமான விலை எவ்வளவு?

விலைக்கு நான் வாய் திறப்பதில்லை. கடைக்காரரிடம் பேரம் பேசுங்கள்.

இராகலை: கொழும்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், முழுசாக வேண்டாம். சுழல்தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கையின் பின்முனையில் இருக்கும் பின்பாரத்தைக் கழற்றுங்கள், கையை அதன் தாங்கியோடு கட்டுங்கள், ஊசிக்கு மூடி போடுங்கள். ஸ்பிரிங் வைத்ததென்றால் அசையாமல் பூட்டும் திருகு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கடுகண்ணாவை வளைவுகளில் பெட்டி உங்கள் மடியில் இருக்கட்டும், மேல் தட்டில் வைக்காதீர்கள்.