அரிசியை வைத்துச் சொல்லுங்கள், முகம் வேண்டாம்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்புக்குக் கணினி சொல்லித்தருகிறேன். அல்காரிதமும், அதாவது கணினி முடிவெடுக்கும் வழிமுறையும், பாரபட்சம் காட்டும் என்றால், "மெஷின் எப்படி மிஸ் ஓரவஞ்சனை செய்யும்?" என்கிறார்கள் பிள்ளைகள். இருப்பது ஒரே லேப்டாப். அவர்கள் முகத்தையே வைத்துச் செய்துகாட்டலாமா?

பதில்: முகம் வேண்டாம். ஏதோ ஒரு பிள்ளையின் நிறத்தை வகுப்பே உற்றுப்பார்க்கும்படி ஆகிவிடும். அரிசி போதும்.

படங்களைக் காட்டிப் பழக்கினால் வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளும் கருவி, கூகுளின் 'டீச்சபிள் மெஷின்'. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். 'நல்ல அரிசி', 'கழிவு' என்று இரண்டு வகை வையுங்கள். முதலாவதற்கு வெள்ளைப் பொன்னி மட்டும். இரண்டாவதற்குப் பழுப்பேறியதும் கறுத்ததும். தட்டும் வெளிச்சமும் மாறக்கூடாது, மாறினால் அரிசியை விட்டுத் தட்டைக் கற்றுக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் சிவப்பான மாப்பிள்ளைச் சம்பாவைக் காட்டுங்கள். பெரும்பாலும் கழிவில் தள்ளிவிடும். 'தெரியவில்லை' என்று சொல்ல அதற்கு வழியில்லை. இருக்கிற இரண்டு வகைக்குள்தான் நூறு சதவீதத்தையும் பிரித்துக் கொடுக்கும். பாரம்பரிய நெல் ரகங்களுக்கான திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளை இருந்தால் சண்டைக்கே வரும், வரட்டும். எதைக் காட்டாமல் விட்டோம், 'கழிவு' என்று பெயர் வைத்தது யார் என்று அவர்களே தேடட்டும்.

அப்புறம் முகத்தின் கதையைச் சொல்லலாம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது; வெளிர்நிற ஆண்களிடம் 0.8-ஐத் தாண்டவில்லை.

இத்தோடு நிறுத்தினால், படங்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிப் பாடம்தான். அடுத்த பீரியடுக்கு லேப்டாப்பே வேண்டாம். பயிர்க்கடனுக்கு நீங்களே ஒரு விதி எழுதுங்கள்: சொந்தப் பெயரில் பட்டா இருந்தால் 50, பழைய கடனை அடைத்திருந்தால் 30, இப்படி. கற்பனை விண்ணப்பங்களுக்கு அவர்கள் மதிப்பெண் போடட்டும். குத்தகைக்குச் சாகுபடி செய்பவரும், கணவர் பெயரில் பட்டா உள்ள பெண்ணும் தோற்பார்கள். ஆணா பெண்ணா என்ற கேள்வியே தாளில் இல்லை, ஆனாலும் பாரபட்சம் நுழைந்துவிட்டது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களே சறுக்கும் இடம் இது.

கடைசியாகக் குழு குழுவாக விதியைத் திருத்தட்டும். ஒரு குழுவின் விதியை இன்னொரு குழு அதே விண்ணப்பங்களில் போட்டுப் பார்த்து, இப்போது யார் தோற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்கிவிடுங்கள், வாக்குவாதம் நீளும்.