நியூட்ரினோ, கரும்பொருள் ஆராய்ச்சிக்கு ஏன் இத்தனை நாடுகள்? சேலத்துப் பிள்ளைக்கு அதில் இடம் உண்டா?

கேள்வி கேட்டவரின் மகள் இங்கே சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாளாம். எப்போதும் நியூட்ரினோ (எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போய்விடும் நுண்துகள்), கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) என்றே பேசுகிறாளாம். வீட்டில் உள்ளவர்கள், "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பத்து நாடு சேர்ந்து செய்யற வேலை, நமக்கு எதுக்கு?" என்கிறார்களாம்.

இடம் உண்டு. நான் சேலத்தில் இயற்பியல் நடத்துகிறேன், வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வந்து நிற்கும், எல்லோருக்கும் முதலில் கோலாரைத்தான் சொல்வேன். காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965-ல். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டாகச் செய்த சோதனை அது. மற்ற இடம் தென் ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கம். கோலார் சுரங்கத்தை அத்தனை ஆழத்துக்குத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன நம் ஆட்கள், எங்கள் தாத்தாவின் தம்பியும் அங்கே இறங்கி வேலை பார்த்தவர்தான். அப்புறம் எப்படி இது அடுத்தவன் வேலை ஆகும்?

ஏன் சுரங்கம் என்றால், வானத்திலிருந்து மியூவான்கள் என்ற மின்னூட்டத் துகள்கள் ஓயாமல் கொட்டுகின்றன, விரித்த உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றாவது போகும். அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய தடயம் காணாமல் போய்விடும். தலைக்குமேல் தடித்த பாறை இருந்தால் பெரும்பாலான மியூவான்கள் அதில் நின்றுவிடும், நியூட்ரினோ ஊடுருவி வந்துவிடும். நான் மாணவர்களோடு சின்ன மியூவான் கருவி ஒன்றை ஏற்காட்டுக்குக் கொண்டுபோவது உண்டு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி மேலே போய் வைத்தால் சேலத்தில் வந்ததைவிட எண்ணிக்கை கூடும், தலைக்குமேல் காற்று குறைந்துவிட்டது அல்லவா. வழியில் சாலைக்காக வெட்டிய இடத்தில் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோலத் தெரிகிறதே சார்னக்கைட் என்ற கெட்டியான பாறை, அந்த வகைப் பாறைதான் தேனி பொட்டிப்புரம் மலையிலும், அதனால்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திட்டம் எதிர்ப்பில் நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம், ஆனால் ஊர்க்காரர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஏன் பல நாடுகள்? பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் டாமா என்று ஒரு குழு, துகள் பட்டால் ஒளிரும் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்துக்கொண்டு, வருஷாவருஷம் சமிக்ஞை ஜூன் வாக்கில் ஏறுகிறது, டிசம்பர் வாக்கில் இறங்குகிறது, இது கரும்பொருள்தான் என்று 1990-களின் கடைசியிலிருந்தே சொல்லி வருகிறது. சூரியனைச் சுற்றும் பூமி கரும்பொருளுக்கு எதிராகப் போகும்போது கூடும், அதோடு சேர்ந்து போகும்போது குறையும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில், குளிர், ஈரம் எல்லாமே வருஷத்துக்கு ஒரு சுற்று ஏறி இறங்குபவைதானே! அதனால் கொரியாவில் கோசைன், ஸ்பெயினில் அனாயிஸ் என்று இரண்டு குழுக்கள் அதே வகைப் படிகத்தை வைத்துப் பார்த்தன, அந்த ஏற்ற இறக்கம் அவற்றுக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்தில் சேபர் என்ற சோதனையை அமைத்ததும் இதற்காகத்தான். அங்கே ஜூனில் குளிர்காலம். சமிக்ஞை பருவத்தால் வந்தது என்றால் அங்கே தலைகீழாகும், கரும்பொருள் என்றால் அங்கேயும் ஜூனில்தான் ஏறும். இந்தச் சோதனையை ஒரு நாடு தன் எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டு, எத்தனை கோடி கொட்டினாலும், செய்ய முடியாது.

நியூட்ரினோவிலும் இதே கதைதான். பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்ற சமச்சீர் கேள்விக்கு, ஜப்பானின் டி2கே, அமெரிக்காவின் நோவா என்ற இரண்டு சோதனைகள் நியூட்ரினோ கற்றையை உண்டாக்கி அனுப்பி, முன்னது 295 கிலோமீட்டர் தள்ளியும் பின்னது 810 கிலோமீட்டர் தள்ளியும் பிடித்துப் பார்க்கின்றன. போட்டிக் குழுக்கள்தான், ஆனாலும் தரவைச் சேர்த்து 2025-ல் ஒரே முடிவாக வெளியிட்டார்கள். நோவாவில் கொச்சி, ஹைதராபாத், டெல்லி, பனாரஸ் பல்கலைக்கழகங்கள் உறுப்பினர்கள். இருந்த இடத்திலிருந்தே கருவியைக் கண்காணிக்கும் ஷிப்ட் உண்டு, அமெரிக்காவில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை வேளை, அதனால் நம் பிள்ளைகளின் பங்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: இப்போதே பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழிகளைப் பழகட்டும், புள்ளியியலை ஒதுக்க வேண்டாம், எம்.எஸ்சி. முடிக்கும்போது ஆராய்ச்சிப் படிப்புக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதட்டும். மதுரையில் 85 டன் எடையில் மினி ஐகால் என்ற நியூட்ரினோ கருவியின் முன்மாதிரி இருக்கிறது, சேலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, முடிந்தால் நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள்.