பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்: கம்ப்யூட்டர் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: "எங்கள் வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் என்று பெயர். 2016-ல் வாங்கிய லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை தயாராக இருக்காது. 'விண்டோஸ் 11 இதில் ஏறாது, தூக்கிப் போடுங்கள்' என்கிறார் கடைக்காரர். மனைவியும் அவர் கட்சி. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?" (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் மனசு சொல்வது சரி. அந்த லேப்டாப்பின் பிராசஸர் இன்னும் வீட்டு வேலைக்குப் போதுமானது. காபி நேரத்தைத் தின்பது ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்ற, ஒரு ஊசி அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊசி நகர வேண்டும். சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். 256 ஜிபி போதும். படங்களையும் பழைய கோப்புகளையும் பழைய டிஸ்க்கிலேயே விட்டு, அதை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ராம், அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். 4 ஜிபி இன்று பிரவுசருக்கே பற்றாது, 8 ஆக்குங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் சில டிடிஆர்4 ராம் கேட்கும், சில டிடிஆர்3எல் கேட்கும். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எந்த வகை, எத்தனை ஸ்லாட், எது காலி என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை நன்றாக ஏறிக் கிடக்கிறது. அதனால் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ராம் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே போட்டுப் பார்த்து, மாற்றித் தரும் காலத்தைப் பில்லில் எழுதி வாங்கினால் பயமில்லை.

விண்டோஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவு தீர்ந்த விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அதற்காக லேப்டாப் வேஸ்ட் ஆகிவிடாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். காசு கிடையாது, விண்டோஸ் பழகிய கை ஒரு வாரத்தில் பழகிவிடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். வீட்டில் யாராவது டேலியில் கணக்கு எழுதுகிறார்கள் என்றாலோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வரித் தாக்கல் செய்கிறார்கள் என்றாலோ விண்டோஸ் உள்ள வேறு கம்ப்யூட்டர் தேவைப்படும். அந்த வேலைகளை லினக்ஸில் இழுத்துக்கொண்டு அவஸ்தைப்பட வேண்டாம்.

ஒன்றைப் பார்க்காமல் செலவில் இறங்காதீர்கள். டச்பேட் மேலெழும்பி இருக்கிறதா? லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்களே ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். கீல் உடைந்து, திரை கோடு விழுந்து, பேட்டரியும் உப்பியிருந்தால், மனைவி சொல்வதைக் கேட்டுவிடலாம்.

கேள்வி: "1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. 69 ஜிபியை யார் எடுத்துக்கொண்டது? மகன் ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் ஒன்றை ஐந்நூற்றுச் சொச்ச ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறான். அதையே வாங்கியிருக்கலாமோ?" (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. தயாரிப்பாளர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று ஆயிரத்தின் அடுக்கில் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024-ன் அடுக்கில் வகுத்துக் காட்டுகிறது. அந்த ஒரு லட்சம் கோடியை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்று காட்டுவதும் இதே கணக்குத்தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மகன் பார்த்து வைத்திருக்கும் பென் டிரைவ்தான் ஏமாற்று. அந்த விலையில் 2 டிபி சேமிப்பு எந்த நல்ல கம்பெனியாலும் தர முடியாது. உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோ உள்ள சின்னச் சில்லு ஒன்று இருக்கும். 'என்னிடம் 2 டிபி இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தியிருப்பார்கள். அதனால் செருகியவுடன் 2 டிபி என்றே காட்டும். படங்களை ஏற்றினால் ஏற்றிக்கொள்ளும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு புதிதாக எழுதுவது பழையதன் மேல் விழும், இல்லையென்றால் எங்குமே போய்ச் சேராது. கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், திறந்தால் வராது. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சிறு வயதுப் படம் என்று திரும்ப எடுக்க முடியாதவற்றை இதில் போட்டுவிட்டுத் தவிக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொய் எண்ணை அச்சடித்து விற்பது வியாபாரமே அல்ல.

சோதிக்க வழி இருக்கிறது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் இலவசம். கடைசி பைட் வரை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். பெரிய டிரைவ் என்றால் பல மணி நேரம் ஆகும், பரவாயில்லை, ராத்திரி ஓட விட்டுத் தூங்குங்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள். மெமரி கார்டுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: "கரண்ட் போனால் என் யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் நேராகக் கம்ப்யூட்டரை மாட்டிவிடலாமா?" (வாசகர், மதுரை)

பதில்: மூன்று வருஷம் என்றால் பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது, யூபிஎஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மதுரை வெயிலுக்கு அந்த ஈய-அமில பேட்டரி அவ்வளவு உழைத்ததே பெரிது. வீட்டு உபயோகத்துக்கான 600 விஏ யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதை மட்டும் மாற்றுங்கள், புது யூபிஎஸ் விலையில் பாதிகூட ஆகாது. வாங்கும்போது பேட்டரி மேல் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு வருஷம் சும்மா கிடந்த பேட்டரி, உபயோகிக்காமலே சக்தி இழந்திருக்கும். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரில் மாட்டலாம், ஆனால் பின்பக்கம் பாருங்கள். 'யூபிஎஸ்' என்று ஒரு நிலை சுவிட்சில் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போன கணத்தில் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன்னிடம் தேங்கிய மின்சாரத்தை வைத்து ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே சமாளிக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள வேண்டும். சாதாரண நிலையில் தாமதம் அதிகம், ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. யூபிஎஸ்ஸோ இன்வெர்ட்டரோ, லேசர் பிரின்டரை மட்டும் மாட்டாதீர்கள். அது மைத்தூளை உருக்கச் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

கேள்வி: "ரிச்சி தெருவில் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் (பழையதைச் சரிசெய்து விற்பது) வாங்கப் போகிறேன். நம்பி வாங்கலாமா?" (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: வாங்கலாம். ஆபீஸ்களில் மூன்று நான்கு வருஷம் ஓடிவிட்டு வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் புது மலிவு லேப்டாப்பைவிட உறுதியானவை. புதிதாக வருகிறது என்பதற்காக செலரான் பிராசஸரும் எஸ்எஸ்டியைவிட மெதுவான 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் உள்ள ஒன்றை வாங்காதீர்கள். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேளுங்கள், காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. 'ஐ5' என்று மட்டும் சொன்னால் ஒன்றும் புரியாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்று தொடங்கினால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை.

கடையிலேயே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். விண்டோஸில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'powercfg /batteryreport' என்று தட்டினால் பேட்டரியின் அசல் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அறிக்கையாக வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பைத் தொடாதீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு நெட்டில் இணைக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டாலும் அப்படியே. அது இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் உங்களைப் பூட்டிவிடலாம். கடைசியாக, பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: "வாங்கிய நாலாம் நாள் மானிட்டரில் கோடு. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவுதானா?" (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த வாசகம் பழுதான பொருளுக்குச் செல்லாது. பழுதுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. கோட்டைப் படமும் வீடியோவும் எடுத்து, எழுத்தில் ஒரு புகாரைக் கடைக்கும் கம்பெனிக்கும் அனுப்புங்கள். போனில் பேசியது எதுவும் பின்னால் நிற்காது. பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: "மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க ஆசை. ஒரே அறை வீடு, தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான்." (வாசகி, திருப்பூர்)

பதில்: வாங்குங்கள், நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு அது பெரிய சுகம். ஒவ்வொரு விசைக்கு அடியிலும் இருக்கும் ஸ்விட்ச் நீல வகையாக மட்டும் வேண்டாம், ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் டிக் என்று சத்தம் போடும், தம்பி படிக்க முடியாது. சிவப்பு ஸ்விட்ச் கேளுங்கள். சாலிடர் வைக்காமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள கீபோர்டாக இருந்தால், ஒரு எழுத்து பழுதானாலும் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.