ரோசா பார்க்ஸ் களைத்திருந்தாரா?

அன்புள்ள சார்,

நாங்கள் அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரி வந்தால் பள்ளியில் கறுப்பர் வரலாற்று மாதம். வருடா வருடம் அதே மார்ட்டின் லூதர் கிங், அதே ரோசா பார்க்ஸ். 'வேலை முடிந்து களைப்பாக இருந்ததால் பஸ்ஸில் இடத்தை விட்டுத்தர மறுத்தார்' என்று இந்த முறையும் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தாள். "களைப்பா இருந்தா யாரும்தான் உட்காருவாங்க, அதுக்கு எதுக்குப்பா போஸ்டர்?" என்று அவளே கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றி இருந்த சாதாரண ஆட்கள் என்னதான் செய்தார்கள்?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது. உடம்பு களைப்பால்தான் எழுந்திருக்கவில்லை என்ற கதையை ரோசா பார்க்ஸே தன் சுயசரிதையில் மறுத்திருக்கிறார். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. வெள்ளையருக்காக பஸ் இடத்தை விட்டுத்தர மறுத்த 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசி மலைப்பகுதியில் ஹைலாண்டர் என்ற, சமூகச் செயல்பாட்டாளர்களுக்கான பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பட்டறையில் கலந்துகொண்டு வந்திருந்தார். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் செப்டிமா கிளார்க். போஸ்டரில் நான் சேர்க்கச் சொல்வது இவரைத்தான்.

கிளார்க் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். அந்த நகரத்தின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அப்போது இடம் இல்லை. அதனால் 1916இல் பக்கத்திலிருக்கும் ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். அவருக்கு மாதம் 35 டாலர். எதிரே வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள், அந்த ஆசிரியருக்கு 85 டாலர். நாற்பது வருடம் கழித்து, 1956இல், என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினராக இருப்பதை விட மாட்டேன் என்றதற்காக வேலையையும் ஓய்வூதியத்தையும் பறித்தார்கள். அப்புறம்தான் முழு நேரமும் ஹைலாண்டருக்குப் போனார்.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்று ஒருவர் இருந்தார். சொந்தமாக பஸ் வைத்திருந்தார். தீவுப் பிள்ளைகளைச் சார்ல்ஸ்டன் பள்ளிகளுக்கும், பெரியவர்களை அங்கே வேலைக்கும் கூட்டிப்போவார். வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பிலிருந்து ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். கறுப்பர்களைத் தடுத்து நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு. ஜென்கின்ஸ் அதைத் தட்டச்சு செய்து பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தார். படிக்கத் தெரியாத ஒரு பெண், பக்கத்தில் இருப்பவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. நிஜமாகவே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆக, இந்தத் தீவில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வேண்டும். யாரை ஆசிரியராகப் போடுவது? எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. கிளார்க் தன் உறவுக்காரப் பெண் பெர்னீஸ் ராபின்சனைப் பிடித்தார். சார்ல்ஸ்டனில் அழகு நிலையம் நடத்தியவர், தையலும் தெரியும். ஆசிரியப் பயிற்சி கிடையாது. 'நான் டீச்சர் இல்லையே' என்று தயங்கியவரை, அதனால்தான் நீ வேண்டும் என்று சம்மதிக்க வைத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்திவிடுவாரோ என்ற பயம். இன்னொன்றும் உண்டு. பள்ளி ஆசிரியர் அரசுச் சம்பளத்தில் இருப்பவர், கிளார்க்குக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம். அழகு நிலையத்துக்கு வருகிறவர்களோ எல்லாரும் கறுப்பினப் பெண்கள். தலைமுடி சீவிவிடுகிறவரை யார் வேலையிலிருந்து நீக்க முடியும்?

1957 ஜனவரியில் வகுப்பு ஆரம்பித்தது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. கடைக்கு ஆள் வந்து போனால் வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராது. முதல் நாள் 14 பேர். ராபின்சன் ஆரம்பப் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் இவற்றை நீட்ட முடியாது. எடுத்து வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் எழுதும் கடிதத்தைத் தானே படிக்க வேண்டும். மணி ஆர்டர் படிவம் நிரப்ப வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். அப்புறம் அந்த அரசியலமைப்புப் பகுதி.

அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. பெயரை அட்டையில் பெரிதாக எழுதிக்கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார். கலப்பை பிடித்த கைக்குப் பென்சில் பழக நாளாகும். சில பென்சில்கள் உடைந்தும் போயின. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டி, கடைசியில் இதை நீங்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்றார். வயல் வேலை குறைந்த இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு இரவு, அவ்வளவுதான் வகுப்பு.

பக்கத்துத் தீவுகளும் இதே போல் வகுப்பு கேட்டன. 1961இல் கிங்கின் அமைப்பு இதை எடுத்துக்கொண்டு தெற்கு முழுக்கப் பரப்பியது. வகுப்பில் படித்தவர்களே அடுத்த ஊரில் ஆசிரியர் ஆனார்கள். ஊர்வலங்களின் புகைப்படங்களில் பின்வரிசையில் நிற்கும் பெயர் தெரியாத பெண்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பின்னறையிலிருந்து வந்தவர்களோ. எழுத்தறிவுத் தேர்வையே நிறுத்திய வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல்தான்.

சாதாரண ஆட்கள் என்ன செய்தார்கள் என்றீர்களே. பஸ் ஓட்டினார்கள், மளிகைக் கடை வைத்தார்கள், தலைமுடி சீவிவிட்டார்கள். பள்ளிகள் இதை ஏன் விட்டுவிடுகின்றன என்றால், அட்டையில் ஒரு முகம் ஒட்டுவது சுலபம், ஒரு பின்னறையை எப்படி ஒட்டுவது?

சார்லட்டிலிருந்து ஜான்ஸ் தீவுக்குக் காரில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தக் கூட்டுறவுக் கடையைப் பின்னால் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 1989இல் ஹியூகோ புயல் அடித்து அதுவும் சிதைந்துவிட்டது, சுவர்கள் மிஞ்சின. வாஷிங்டன் போவதாக இருந்தால் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. ஜென்கின்ஸ் பிற்காலத்தில் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் வேனின் பின்கதவு அவர்களிடம் இருக்கிறது. அன்பு முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம் என்று அவர் அதில் எழுதி வைத்திருந்தார். மகளிடம் காட்டுங்கள், அடுத்த பிப்ரவரி போஸ்டருக்கு ஆகும்.