ஆட்டம் நிற்கும் இடம்

வணக்கம் சார்,

டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அலுவலக நண்பர்கள் அமெரிக்கக் கால்பந்து பார்க்கக் கூப்பிடுகிறார்கள். போய் உட்காருகிறேன், மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது. மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து உண்மையில் நகர்வது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டு வரிசையாகக் குனிந்து நின்று ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். அப்புறம் ஒரு முட்டல், ஒரு விசில், மறுபடி வரிசை. ரக்பி எவ்வளவு ஓட்டமாக இருக்கிறது! இதில் அந்த வரிசைக்கு என்னதான் வேலை?

ம., டல்லாஸ்

அன்புள்ள ம.,

உங்களுக்குச் சலிப்பூட்டும் அந்த வரிசையில்தான் ஆட்டமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் இது ஒட்டாது.

ரக்பியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அமெரிக்கக் கால்பந்து ரக்பியிலிருந்து பிரிந்தது சரியாக இந்த இடத்தில்தான். 1880 வரை அமெரிக்கக் கல்லூரிகள் ஆடியது கிட்டத்தட்ட ரக்பி. பந்தோடு ஓடியவன் விழுந்ததும் இரண்டு அணிகளும் அதைச் சுற்றி ஒன்றையொன்று முண்டும். பந்து யார் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் கேம்ப் என்ற 21 வயது இளைஞர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த ஆண்டு நடந்த கூட்டத்தில் இதை மாற்ற வைத்தார். பந்து யாரிடம் இருந்ததோ, அவர்களிடமே இருக்கும். அவர்கள் அதைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவார்கள். எதிரணி அதுவரை பந்துக்கு அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். அணிக்கு 15 பேர் என்றிருந்தது 11 ஆனதும் அதே கூட்டத்தில்தான்.

பந்து நமக்குத்தான் வரும் என்று உறுதியாகிவிட்டால், அடுத்து என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே யோசிக்கலாம். யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, யார் எந்த இடைவெளியில் புகுவது எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பழகலாம். இன்று பயிற்சியாளர்கள் கையில் வைத்திருக்கும் தடித்தடியான வியூகப் புத்தகங்களுக்கு விதை அங்கே விழுந்தது.

ஆனால் அந்த உறுதியை வைத்தே ஆட்டத்தைக் கொல்லவும் முடிந்தது. 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது, முதல் பாதி முழுக்கப் பிரின்ஸ்டன் பந்தை விடவில்லை. இரண்டாம் பாதி முழுக்க யேல் விடவில்லை. முடிவு 0-0. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதனால் 1882-இல் அடுத்த விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். இன்று நான்கு முயற்சி, 10 கஜம். மைதானம் முழுக்கக் கோடு கோடாக இருக்கிறதே, அதெல்லாம் இதை அளப்பதற்காக வந்தவைதான்.

இன்னொரு கோளாறு கொடுமையானது. அந்நாளில் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. மூக்கும் மூக்கும் இடிக்க நிற்பார்கள், பந்து நகருமுன்பே குத்து விழும். மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் சென்று மோதும் ஆட்டத்தில் மாணவர்கள் செத்தே போனார்கள். 1905-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசுகிற அளவுக்குப் போயிற்று. 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. வரிசைகளுக்கு நடுவே பந்தின் நீளத்துக்கு ஒரு இடைவெளியும் வந்தது. சுமார் 28 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்னாப் ஆகும்வரை, அதாவது பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும்வரை, அதற்குள் இருக்கலாம் என்பது பந்தைக் கையில் பிடித்தபடி வரிசை நடுவில் நிற்கும் சென்டருக்கு மட்டும்தான். ஆக, உண்மையில் இருப்பது இரண்டு கோடுகள்: பந்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று.

சடுகுடுவில் நடுக்கோடு கிழித்த இடத்திலேயே கிடக்கும். இந்தக் கோடு பந்து நின்ற இடத்துக்கெல்லாம் கூடவே நகரும். தொலைக்காட்சியில் தெரியும் நீலக் கோடு கணினி வரைவது, மைதானத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆட்டக்காரர்கள் பந்தையும், கோட்டுக்கு நேராக ஓரத்தில் நிற்கும் நடுவரையும் பார்த்துத்தான் தங்கள் இடத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

முறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த நேரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பந்து வைத்திருக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் கோட்டில் நிற்க வேண்டும். குனிந்து கையூன்றிவிட்ட தடுப்பாளன் அதன்பின் அசையவே கூடாது. தோள் துடித்தாலும் 5 கஜம் தண்டனை. எதிரணியோ கோட்டுக்கு அந்தப் பக்கம் இஷ்டத்துக்கு இடம் மாறலாம். ஆனால் பந்து எப்போது கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருவருக்கு நேரம் தெரியும், நகர முடியாது. இன்னொருவர் நகரலாம், நேரம் தெரியாது. இந்தச் சமன்பாடு எனக்கு அலுக்கவே அலுக்காது. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி எதிரணியைத் தூண்டிவிடுவது இதனால்தான். கிரீன் பேயில் ஆடிய காலத்தில் ஆரன் ராட்ஜர்ஸ் இதில் மன்னர். எதிராளி ஏமாந்து கோட்டைத் தாண்டிய நொடியில் ஸ்னாப் வாங்கி, பந்தைத் தொலைதூரத்துக்கு எறிவார். பிடித்தால் லாபம், தவறினாலும் தண்டனை எதிரணிக்கு. டென்வரில் பெய்டன் மேனிங் கோட்டருகே நின்று "ஒமாஹா, ஒமாஹா" என்று கத்தியதும் இந்த வேலைக்குத்தான். அவர் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, அந்தச் சில நொடிக்குள் திட்டத்தையே மாற்றிவிடுவார்.

பந்து கிளம்பிய பிறகும் கோட்டுக்கு வேலை இருக்கிறது. முன்னோக்கி எறிவதென்றால் அதற்குப் பின்னால் இருந்துதான் எறிய வேண்டும். தாண்டிப் போய் எறிந்தால் 5 கஜமும் போச்சு, அந்த முயற்சியும் போச்சு.

சில சமயம் ஒரு பருவமே இந்த ஒரு சாணில் முடிவாகும். 1967 டிசம்பர் 31, கிரீன் பேயில் பேக்கர்ஸும் உங்கள் டல்லாஸ் கௌபாய்ஸும் மோதிய சாம்பியன்ஷிப் ஆட்டம். குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றி வேலை செய்யாமல் தரை பாறையாக இறுகிவிட்டது. மிச்சம் 16 விநாடி, எல்லைக்கோட்டுக்குச் சுமார் இரண்டடி, மூன்றாவது முயற்சி. பேக்கர்ஸ் 14-17 என்று பின்தங்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறையும் பந்து வாங்கி ஓடியவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், கால் ஊன்ற முடிகிறதா என்று தடுப்பாளர் ஜெர்ரி கிரேமரைக் கேட்டார். பிறகு பந்தை யாரிடமும் கொடுக்கவில்லை. கிரேமரும் சென்டரும் எதிரே நின்ற டல்லாஸின் ஜெத்ரோ பியூவைத் தாழ்வாக முட்டித் தள்ள, அந்தச் சின்னச் சந்தில் ஸ்டாரே விழுந்தார். 21-17. யாரும் ஓடவில்லை, யாரும் எறியவில்லை. வரிசை இரண்டடி நகர்ந்தது, அவ்வளவுதான்.

இன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் தங்கள் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாக நெட்டித் தள்ளுவது இதன் வாரிசு. 2025 மே மாதம் அதைத் தடை செய்ய நடந்த வாக்கெடுப்பில் 24 வாக்கு தேவைப்பட்டது, 22 விழுந்தது. தடை வராததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு கஜம் வேண்டுமென்றால் எதிரே நிற்பவனை நகர்த்தித்தான் வாங்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி.

சரி, அடுத்த ஞாயிறு ஒன்று செய்யுங்கள். பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் தடுப்பாளன் தரையில் ஊன்றியிருக்கும் கையைப் பாருங்கள். விரல் முட்டி வெளுக்கும்படி பாரத்தை முன்னால் போட்டிருந்தால் பெரும்பாலும் ஓட்டம் வரப்போகிறது. கை லேசாகப் பட்டும் படாமலும் இருந்தால் பின்வாங்கி நின்று எறிபவரைக் காக்கப் போகிறான். எதிரே நிற்பவனும் அதைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்னாப் ஆகுமுன் ஓட்டமா எறிதலா என்று நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை சரியாக வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.